குதிரை ரீச்சர்: நாலு புத்தகமும் கட்டிலடிப் பெட்டிகளும்

“வாடைக்காத்துக்கு முகம் குடுத்துக்கொண்டு எந்தக் குதிரை தம்பி நிக்கும்?”

அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது. திரையில் இருந்த படத்தில் கருமேகம், சாய்ந்த மழை, நெடுந்தீவின் கல்வேலி. அதற்கு முன்னால் ஒரு செம்பழுப்புக் குதிரை பிடரி பறக்கக் காற்றை எதிர்த்து நின்றது. வரைந்த பெடியன் கெட்டிக்காரன். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, திரும்பவும் மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார். மழைக்காற்று அடித்தால் குதிரை பின்பக்கத்தைக் காற்றுக்குக் கொடுக்குமாம், தலையைத் தாழ்த்துமாம், வாலை ஒடுக்கிக்கொள்ளுமாம். மந்தையாக நின்றால் எல்லாமே ஒரே திசைக்கு முதுகு காட்டி நிற்குமாம்.

படம் மாறியது. அச்சு ஒன்பது நாள் பிந்தியது, ஓவியருக்கு இரண்டாந்தரமும் காசு கொடுக்க வேண்டி வந்தது. நெடுந்தீவுப் பிள்ளைகளிடம் அந்தப் புத்தகம் போனபோது அவர்கள் முதலில் விரித்துக் காட்டியதும் அந்தப் பக்கத்தைத்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் பக்க வடிவமைப்புச் செய்து பிழைப்பவன். பத்து வருசத்துக்கு மேலாக ரீச்சரின் புத்தகங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. சின்ன வயதில் தொற்றிய குதிரைப் பைத்தியத்தை வைத்து, இளைப்பாறிய பிறகு ஒரு சிறிய பதிப்பகத்தை அவர் எப்படி நிலைநிறுத்தினார், எங்கே சறுக்கினார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்த அளவில் எழுதுகிறேன். பெயர் போடவேண்டாம் என்றார். ஊரில் எல்லாரும் குதிரை ரீச்சர் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கணக்குகள் அவருடைய நீல மட்டைக் கொப்பியில் இருப்பவை. எழுதச் சம்மதம் தந்திருக்கிறார்.

தீவு

குறிகட்டுவான் துறையில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவு. ஐம்பது சதுர கிலோமீற்றர் அளவு, தட்டையான நிலம், பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்ப்பெயரைச் சூட்டினார்கள். வேலணை லைடன் ஆனது, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆனது, காரைநகர் அம்ஸ்ரடாம் ஆனது. எல்லாம் உதிர்ந்துபோய், நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் என்ற பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குதிரைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் லாயம் கட்டிப் பெருக்கினார்கள், ஆங்கிலேயர் காலத்திலும் வளர்ப்பு தொடர்ந்தது. பிறகு எசமான்மார் கப்பலேறிப் போய்விட, குதிரைகள் நின்றுவிட்டன. லாயத்தின் தூண்கள் இன்றைக்கும் வெயிலில் நிற்கின்றன. மேய்கிற குதிரைகளுக்குச் சேணமும் இல்லை, லாடமும் இல்லை. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ரீச்சர் அங்கே 1958இல் பிறந்தவர். வீட்டுக்குப் பின்னால் மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள நட்ட ஒரு ஆவுரஞ்சிக்கல், பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி. தகப்பன் துலாவில் இறைத்து ஊற்றுவாராம். ஆவணி மாதம் துரவுக் கிணறுகள் வற்றி, கிடக்கிற நீரும் உவர்த்துப் போனபின், மாடுகள் குடித்து முடியும்வரை குதிரைகள் கொஞ்சத் தூரத்தில் காத்து நிற்கும். வளர்ந்த குதிரைக்கு நாளைக்கு இருபது முப்பது லீற்றர் தண்ணீர் வேண்டும், வெயில் ஏறினால் இன்னும் கூட. அது ஒரு தொட்டியால் முடிகிற காரியமா? கோடை கடுமையான வருசங்களில் குட்டிகள்தான் முதலில் விழும். எட்டு வயதுப் பிள்ளை வேலிக்கல்லில் ஏறி இருந்துகொண்டு எது வந்தது, எது வரவில்லை என்று கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறது. நெற்றியில் வெள்ளை, இடது பின்காலில் வெள்ளை, காது கிழிந்தது என்று அடையாளத்தோடு. பிற்காலத்தில் இதற்குப் பெரிய பெயர் ஏதாவது வைத்திருப்பார்கள். அப்போது தாய் வைத்த பெயர் “வேலையில்லாத வேலை”.

மேல் வகுப்புக்கு யாழ்ப்பாணம் வந்தார். பொது நூலகத்தில் ஒரு பெரிய ஆங்கிலப் படப்புத்தகம். குதிரையின் எலும்பு, தசை, பல்லு, குளம்பு எல்லாம் தனித்தனியாக வரைந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கீறப் பழகியிருக்கிறார். 1981இல் நூலகம் எரிந்தபோது போன 97 ஆயிரம் நூல்களில் அதுவும் ஒன்று. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்தபோது சொந்தக் கொப்பிகளை ஒரு தகரப் பெட்டியில் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து திறந்தால் உள்ளே கறையான் மண். இதை அவர் சோகக் கதையாகச் சொல்வதில்லை. “மனசில இருந்தது கறையானுக்குத் தெரியாதுதானே” என்பார், அப்புறம் தேத்தண்ணி போடப் போய்விடுவார்.

முதல் புத்தகம்

2013இல் இளைப்பாறினார். அடுத்த வருசம் புத்தகம். 160 பக்கம், 500 பிரதி. குதிரையைப் பற்றித் தமிழில் கிடைக்கிற எல்லாவற்றையும் அதில் அடைத்திருந்தார். புரவி, பரி, இவுளி, மா என்று பெயர்களுக்கே ஒரு அதிகாரம். கடல்வழி வந்து இறங்கிய குதிரைகளைச் சொல்லும் பட்டினப்பாலை வரி, நகுலனின் குதிரை அறிவு, ஐயனாரின் மண்குதிரை, நரியைப் பரியாக்கிய திருவிளையாடல். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த காசை வாதவூரர் கோயிலில் போட்டார். ரீச்சர் தன் பணிக்கொடைக் காசைக் குதிரையில் போட்டார்.

வெளியீட்டு விழா நன்றாக நடந்தது. மங்கல விளக்கு, வாழ்த்துரை, வெளியீட்டுரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை. முதற்பிரதியை ஒரு வர்த்தகர் பெற்றுக்கொண்டார். பிறகு சபையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, கடித உறையை நீட்டி, புத்தகத்தை வாங்கிக்கொண்டு, படத்துக்கு நின்றுவிட்டுப் போனார்கள். வெளியூர் வாசகருக்கு இது விசித்திரமாக இருக்கலாம், ஆனால் யாழ்ப்பாணத்து நூலின் பொருளாதாரத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். உறைக்குள் இருப்பது புத்தகத்தின் விலை அல்ல, எழுதியவரில் வைத்த மரியாதை. அன்று 170 பிரதி போனது, அச்சுச் செலவில் முக்கால்வாசி வந்தது. அடுத்த ஒரு வருசத்தில் கடைகள் மூலம் போனது 31. மிச்சம் கட்டிலுக்குக் கீழே.

ஏன் போகவில்லை? ஐ.எஸ்.பி.என். என்ற நூல் இலக்கம் எடுக்காமல் அச்சிட்டோம், கொழும்பில் ஒரு கடை அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியது. அதில் என் பிழையும் உண்டு. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு ஒரு விண்ணப்பம் போட்டால் கிடைக்கிற இலக்கம், அவசரத்தில் விட்டுவிட்டோம். ஆனால் அது சின்னக் காரணம். யாழ்ப்பாணத்தில் குதிரை ஏறுகிறவர் யார்? கோயில் வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறுகிறார், அவ்வளவுதான். குதிரைப் பிரியருக்கென்று எழுதிய புத்தகத்துக்கு இங்கே வாசகர் ஒருவர்தான், அவரே எழுதியவரும். அதைவிட முக்கியமான இன்னொன்றை நான் அப்போது சொல்லத் துணியவில்லை. 160 பக்கத்தில் நெடுந்தீவுக்குக் கிடைத்தது பதினொரு பக்கம். கல்வேலியில் இருந்து எண்ணிய பிள்ளை அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

கல்வெட்டு

இந்த ஊர் அச்சகங்களுக்குச் சோறு போடுவது இலக்கியம் இல்லை, கல்வெட்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் காலமானால் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுமலர். முகப்பில் படம், உள்ளே திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். தொழிலாகப் பார்த்தால் இதைப்போல ஒழுங்கான வேலை வேறு இல்லை. காசு முன்னுக்கே வரும். நாள் தவற முடியாது. ஒரு பிரதியும் மிஞ்சாது.

முதல் புத்தகக் கடனை அடைக்க ரீச்சர் எங்களிடம் கல்வெட்டுக்கு மெய்ப்புப் பார்க்க வந்தார். வம்சாவளியில் மருமக்களின் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து மாறிப்போனால் என்ன நடக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும், ரீச்சர் இருந்த காலத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எழுத்துரு, பக்க எண், நாலின் மடங்கில் பக்கம் வராவிட்டால் ஸ்ரேப்பிள் அடிக்கும் புத்தகத்தில் வெற்றுத்தாள் விழும் என்ற கணக்கு எல்லாவற்றையும் அந்த இரண்டு வருசத்தில்தான் பழகினார்.

2016இல் கனடாவில் ஒரு நெடுந்தீவுப் பெரியவர் காலமானார். மகள் அழைப்பெடுத்தார். வழமையான வரலாறு வேண்டாம், அப்பா எப்போதும் ஊரைப் பற்றித்தான் கதைப்பார், பேரப்பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரி அதை எழுத ஏலுமா என்று கேட்டார். பஞ்சபுராணம் முடிந்த கையோடு பதினாறு பக்கம் ரீச்சர் எழுதினார். துலா, துரவு, கல்வேலி, பெருக்கமரம், ஆவணி மாதத்துக் குதிரைகள். தொட்டியடியில் ஒரு தாய்க்குதிரை தான் குடிக்காமல் குட்டிக்கு இடம்விட்டு நின்ற காட்சி ஒன்று இருக்கிறது. அதைத் தட்டச்சுச் செய்தபோது நான் ஒரு தரம் எழும்பி வெளியே போய்விட்டு வந்தேன்.

400 பிரதி அச்சிட்டோம். இரண்டு மாதத்துக்குள் லண்டனில் இருந்தும் பாரிசில் இருந்தும் கேட்டார்கள், “கல்வெட்டு வேண்டாம், அந்தக் குதிரைப் பகுதியை மட்டும் தரமாட்டீர்களா” என்று. குடும்பத்தின் சம்மதத்தோடு அந்தப் பதினாறு பக்கமும் 64 பக்கமாக விரிந்தது. அதுதான் இரண்டாவது புத்தகம். வெளியீட்டு விழா வைக்கவில்லை. இன்றைக்கு நான்காம் பதிப்பில் நிற்கிறது. வாங்குகிறவர்களில் குதிரை விரும்பி எத்தனை பேர் என்று தெரியாது. ஊரை விரும்புகிறவர்கள் எல்லாரும் வாங்குகிறார்கள்.

இங்கே அச்சுக்கலை எப்போதும் இன்னொன்றின் தோளில் ஏறித்தான் வந்திருக்கிறது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் மதத்துக்காக ஓடியது, 1841இல் உதயதாரகை வந்ததும் மிஷனின் ஆதரவில். 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவிய நாவலருக்குச் சைவமும் பள்ளிக்கூடமும் காரணம். ரீச்சரின் குதிரை அந்தியேட்டியில் ஏறி வந்தது. நான் இப்படிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “செத்தவீட்டுக் காசில குதிரை வளக்கிறன் எண்டு சொல்லுறீர்” என்றார். இரண்டு நாள் கதை குறைவு.

படப்புத்தகம்

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு செய்துகொண்டு, பதிப்பகம் என்று பலகை மாட்டாமல் தொடங்கியது 2017இல். அடுத்த வருசம் பிள்ளைகளுக்கான படப்புத்தகம். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு அச்சுப் பாரம், இது இரண்டு பாரம், 32 பக்கம், நாலு கலர், ஆர்ட் பேப்பர். முதலில் சொன்ன வாடைக்காற்றுச் சண்டை இந்தப் புத்தகத்தில்தான்.

சண்டை அது ஒன்றோடு நிற்கவில்லை. ஓடுகிற குதிரையை ஓவியர் முன்காலிரண்டும் முன்னே, பின்காலிரண்டும் பின்னே, வயிறு நிலத்தோடு நீண்டு பறக்கிற மாதிரி வரைந்திருந்தார். உலகம் முழுக்க ஓவியர்கள் நூற்றாண்டுக்கணக்காக அப்படித்தான் வரைந்தார்கள். 1878இல் கலிபோர்னியாவில் மய்பிரிட்ஜ் என்பவர் ஓட்டப்பாதை நெடுகக் கமராக்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது: நாலு குளம்பும் நிலத்தை விட்டுக் கிளம்புகிற கணம் உண்டு, ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கி ஒன்றுசேர்ந்திருக்கும். ரீச்சர் அந்தப் படங்களைக் காட்டினார். ஓவியருக்கு ரோசம் வந்துவிட்டது. “அப்ப கோயில் வாகனத்தில குதிரை முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக்கொண்டெல்லோ நிக்குது, அதுவும் பிழையோ ரீச்சர்?” என்றார். “சாமி ஏறினா எந்தக் குதிரையும் நிமிந்துதான் நிக்கும். இதில ஆர் ஏறியிருக்கினம்?” என்று ரீச்சர் கேட்க, பெடியன் பென்சிலை எடுத்துக்கொண்டார்.

காது இன்னொரு பாடம். முன்னோக்கி நின்றால் கவனம், பின்னுக்கு ஒட்டிப் படிந்தால் கோபம், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் திரும்பினால் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. புத்தகத்தில் குதிரைகள் பேசுவதில்லை, காதுதான் பேசுகிறது. பிள்ளைகள் அதை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு பாலர் வகுப்பில் நான் வாசித்துக் காட்டியபோது, “இதுக்குக் கோவம், காதைப் பாருங்கோ” என்று ஒரு பெட்டை எனக்குச் சொல்லித் தந்தாள்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றில் வைத்த பிரியம் எழுத்தாகிவிடும் என்று நினைத்துத்தான் பலர் புத்தகம் போடுகிறார்கள், ரீச்சரும் முதலில் அப்படித்தான் போட்டார். பிரியம் எழுதும்போது நிறையப் பேசும், கை நிறைய அள்ளிப் போடும், எதை விடுவது என்று அதற்குத் தெரியாது. ஆனால் மெய்ப்புப் பார்க்கும்போது அதே பிரியம் வேறு ஆளாகிவிடுகிறது. வால் ஒரு விரற்கடை உயர்ந்து நின்றாலும் விடாது. ரீச்சரின் பிழைப்பு எழுத்தாளராக இருந்து வந்ததில்லை, பதிப்பாசிரியராக இருந்து வந்தது. இப்போது அவருடைய வருமானத்தில் பாதிக்கு மேல் மற்றவர்களின் புத்தகங்களைச் செம்மையாக்கிக் கொடுப்பதில் வருகிறது: தீவகத்து ஊர் வரலாறுகள், பறவைகள், மீன்கள். எல்லாவற்றையும் அதே கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்.

படப்புத்தகம் வந்து கொஞ்ச நாளில் வெளியில் இருந்து ஒரு பெரிய பதிப்பகம் உரிமையை மொத்தமாக வாங்கக் கேட்டது. தொகை எங்கள் கணக்குக்குப் பெரியது. எனக்கு நாக்கு ஊறியது. ரீச்சர் அன்னா சுவெலின் கதையைச் சொன்னார். பதினாலு வயதில் கணுக்கால் காயப்பட்டு, வாழ்நாள் முழுக்கக் குதிரை வண்டியை நம்பி இருந்த ஆங்கிலப் பெண். குதிரையே தன் கதையைச் சொல்வதாக ஒரு நாவல் எழுதி, 1877இல் 40 பவுணுக்கு உரிமையை விற்றுவிட்டு, சில மாதத்தில் இறந்துபோனார். அதன் பிறகு அது கோடிக்கணக்கில் விற்றது. “நான் இன்னும் சாகேல்லைத் தம்பி” என்றார் ரீச்சர். தமிழ் உரிமையைக் கொடுக்கவில்லை.

இறங்குதுறை

நாலாவது புத்தகம் புத்தகம் மாதிரியே இல்லை. பதினாறு பக்கம், சட்டைப்பைக்குள் அடங்கும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். குறிகட்டுவானில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஒரே துறையில்தான் படகு. நயினாதீவு நாகவிகாரையைக் கும்பிட நாட்டின் தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரும், படகுக்குக் காத்து நிற்கும். காத்து நிற்கிற சனம் எதையும் வாசிக்கும் என்பது ரீச்சரின் கணிப்பு. குதிரைக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதே, பிஸ்கட் கொடுக்காதே, குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் நிற்காதே என்ற மூன்றும்தான் அதன் சாரம். மற்றதெல்லாம் படம். சிங்கள எழுத்துரு ஒரு பக்கத்தில் உடைந்து கட்டங்கட்டமாக வந்ததை 200 பிரதி அடித்த பிறகுதான் கண்டோம், அந்த 200உம் கட்டிலுக்குக் கீழே மற்றவற்றோடு சேர்ந்தன.

அடித்தது 2022 தொடக்கத்தில். அப்போது என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. டொலர் 200 ரூபாயில் இருந்து 350ஐத் தாண்டியது, கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. ஆர்ட் பேப்பர் விலையை அச்சகங்கள் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று சொன்னன. படகுக்கு எரிபொருள் இல்லை, துறையில் சனமும் இல்லை. பதிப்பகத்தைத் தூக்கி நிறுத்தியது திரும்பவும் கல்வெட்டுதான். கடதாசி இல்லாவிட்டாலும் அந்தியேட்டி நிற்காது. எட்டுப் பக்கமாகக் குறைத்து, மங்கலான கடதாசியில், கறுப்பு வெள்ளையில் அடித்தோம். சட்டைப்பைப் புத்தகம் பெட்டியில் கிடந்து, அடுத்த வருசம் சனம் வரத் தொடங்கியபோது ஏழு மாதத்தில் முடிந்தது.

இன்றைய நிலை: ஓய்வூதியத்தைத் தொடாமல் பதிப்பகம் தன் செலவைத் தானே பார்க்கிறது, ரீச்சருக்கு மாதம் ஒரு சின்னத் தொகையும் மிஞ்சுகிறது. எவ்வளவு என்று எழுதவேண்டாம் என்றார், கடன் கேட்க ஆள் வருமாம்.

ஐந்தாவது புத்தகம் ஒரு வருசமாக என் மேசையில் கிடக்கிறது. ஒரு குட்டி பிறந்து எழும்பி நிற்கும் அந்த முதல் ஒரு மணித்தியாலத்தைப் பற்றியது. எழுத்து முடிந்துவிட்டது, படமும் முடிந்துவிட்டது. ஒரு பக்கத்தில் குட்டி எழும்பும்போது முதலில் முன்காலை ஊன்றுகிறது. அது சரி என்று எனக்குத் தெரியும், ஓவியருக்கும் தெரியும், ரீச்சருக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனாலும் கண்ணால் இன்னொருக்கால் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பாராம். போன கிழமை விடிய ஐந்தரைக்கு என் தொலைபேசி அடித்தது. பின்னால் காற்று இரைச்சல், படகு எஞ்சின் சத்தம்.

“தம்பி, மேற்குப் பக்கம் ஒண்டு வயித்தோட நிக்குதாம். நான் போறன். அச்சுக்குப் பிளேட் அடிச்சுப்போடாதையும்.”